நீலத் தண்ணீர்

மாட்டுக்கு ஒடம்பு சரியில்லை என்றால் எங்கே போவது என்று ரிஷிவந்தியத்துச் சின்னப் பையனுக்கும் தெரியும். ஆடு, கோழி, நாய் எதுவானாலும் கால்நடை மருந்தகம் உண்டு. கண்ணாடித் தொட்டியில் வளரும் மீனுக்கு அப்படி ஓர் இடம் கிடையாது. கள்ளக்குறிச்சியிலோ திருக்கோவிலூரிலோ ஒரு வண்ணமீன் கடையில் போய் நின்று, “மேலெல்லாம் உப்பு தூவுன மாதிரி வெள்ளை வெள்ளையா இருக்குண்ணே, மூலையிலயே நிக்குது, தீனி எடுக்க மாட்டேங்குது” என்று சொல்ல வேண்டும். கடைக்காரர் மீனைப் பார்ப்பதில்லை. சொன்னதைக் கேட்டுக்கொண்டே ஒரு சின்ன நீல பாட்டிலை எடுத்து வைப்பார். “தண்ணிய கொஞ்சம் மாத்துங்க. இதைச் சொட்டுச் சொட்டா விடுங்க. கல்லுப்பு ஒரு கை போடுங்க. ஹீட்டர் இருந்தா ஆன் பண்ணி விடுங்க.” வைத்தியம் அவ்வளவுதான்.

இந்த வைத்தியத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நீல மருந்து முதலில் துணிக்குச் சாயமேற்ற வந்தது. உப்பு அடுப்படியிலிருந்து வந்தது. ஹீட்டர் செய்வது நம்மூர்ச் சித்திரை மாதம் சும்மாவே செய்கிற வேலை. மூன்றில் ஒன்றுகூட மீனுக்கென்று பிறந்ததில்லை. அதைவிட முக்கியம், மூன்றும் மீனிடம் நேராகப் போவதில்லை. தண்ணீருக்குப் போகின்றன. நோயாளி ஒருத்தர், மருந்து குடிப்பது இன்னொருத்தர்.

மனிதன் மீனுக்கு வைத்தியம் பார்க்கக் கற்றுக்கொண்ட கதை, தண்ணீருக்கு வைத்தியம் பார்க்கக் கற்றுக்கொண்ட கதைதான். அந்தக் கதை சீனத்துக் குளத்திலும் லண்டன் வீட்டு மேசையிலும் ஜெர்மன் சாயப் பட்டறையிலும் நடந்து, சுமார் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால் நம்முடைய ஏரிகளுக்கும் வந்து சேர்ந்தது. வந்த விதம் நல்லவிதமாக இல்லை.

*

நம் பழைய வைத்திய மரபில் விலங்குகளுக்கு இடம் உண்டு. யானைக்கு வடமொழியில் பாலகாப்பியர் பெயரால் ஹஸ்தியாயுர்வேதம் இருக்கிறது. குதிரைக்குச் சாலிஹோத்திரர் பெயரால் நூல்கள் உண்டு. தமிழில் மாட்டு வாகடம் ஏட்டிலும் அச்சிலும் வழங்கியது. கோமாரிக்கு என்ன, வயிறு உப்பினால் என்ன என்று கிராமத்துக்குக் கிராமம் சொல்ல ஆள் இருந்தார்கள். போருக்கு யானை, படைக்குக் குதிரை, உழவுக்கு மாடு. உடம்பு கெட்டால் நஷ்டம் யாருக்கோ அந்தப் பிராணிக்குத்தான் வாகடம்.

மீன் எந்த ராஜாவின் போருக்கும் போகவில்லை. ஆனாலும் ராஜா ஒருவர் மீனைப் பற்றி அக்கறையாக எழுதியிருக்கிறார். 12ஆம் நூற்றாண்டில் கல்யாணியை ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேஸ்வரரின் ‘மானசோல்லாசம்’ என்ற நூலில், மீன் பிடிப்பது அரசனின் பொழுதுபோக்குகளில் ஒன்றாக வருகிறது. எந்த மீன் எங்கே வாழும், எதற்கு என்ன தீனி போட்டுக் கொழுக்க வைப்பது என்றெல்லாம் அதில் வகைபிரித்துச் சொல்லப்படுகிறது. தீனி போடுவது தூண்டிலில் மாட்டுவதற்காக என்பது வேறு விஷயம்.

மீனின் பராமரிப்பைப் பற்றி நம் மரபு வைத்திருந்த பெரிய கற்பனை வேறொன்று. பறவை தொட்டு அடைகாக்கும், ஆமை நினைத்தே குஞ்சு பொரிக்கும், மீன் பார்வையாலேயே பொரிக்கும் என்பார்கள். குரு சீடனைக் கண்ணால் பார்த்தே கடைத்தேற்றுவதற்கு இதைத்தான் உவமை சொல்வது. உயிரியல்படி அது சரியில்லை. ஆனால் ஏரியில் விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று கூட்டமாக மேலே வந்து மூச்செடுப்பதையும், தாயும் தகப்பனும் அடியிலேயே காவல் நிற்பதையும் கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு அந்தக் கற்பனை எங்கிருந்து வந்தது என்று புரியும். மீன் பார்த்துக்கொள்ளும் பிராணி என்று நமக்குத் தெரிந்திருந்தது. அதை நாம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது பின்னால் வந்த யோசனை.

அந்த யோசனை முதலில் சீனாவில் முளைத்தது. அங்கே சோங் வம்சக் காலத்தில், அதாவது இங்கே சோழர்கள் ஏரி வெட்டிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டுகளில், பொன்மீன் வளர்ப்பு அரண்மனை வழக்கமாகியிருந்தது. அழகுக்காக வளர்க்கிற மீன் சாகும்போதுதான் மனிதனுக்கு முதல்முறையாக அது சமையலில்லாத துக்கமாகிறது. கவிஞர் சூ ஷியின் பெயரால் வழங்கும் பழைய குறிப்பொன்று, மீன் மெலிந்து மேலே வெள்ளைப் புள்ளிகள் தோன்றினால் அது மீனுக்குப் பிடித்த பேன் என்றும், ஒரு குறிப்பிட்ட மரத்தின் பட்டையைத் தண்ணீரில் போட்டால் குணமாகும் என்றும் சொல்கிறது. பட்டையிலிருக்கும் துவர்ப்பு தண்ணீரில் இறங்கும். இன்றைக்கு ஃபைட்டர் மீன் வளர்க்கிற பையன்கள் தெருவோரத்து நாட்டுவாதுமை மரத்தடியில் காய்ந்த இலை பொறுக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் போடுகிறார்களே, அதுவும் அந்தத் துவர்ப்புக்காகத்தான். தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும். வீட்டில் திட்டு விழும். மீன் கொஞ்சம் தெளியும்.

மருந்தைத் தண்ணீரில் போடுவது நமக்கும் புதிதில்லை. மேலே கட்டியோ மருவோ வந்தால் கோயில் குளத்தில் உப்பும் மிளகும் போடுவதாகவும் வெல்லம் கரைப்பதாகவும் வேண்டிக்கொள்கிறோம். அது கரையக் கரைய உடம்பில் இருப்பதும் கரையும் என்பது நம்பிக்கை. தோலின் நோயைத் தண்ணீரிடம் ஒப்படைக்கிற சடங்கு அது. அந்தக் குளத்து மீனுக்கு அது சடங்கில்லை. அதன் தோல் தண்ணீரோடுதான் இருக்கிறது. அளவான உப்பு கரைந்த நீரில் மீனின் உடம்பு தன் உப்பைக் காப்பாற்றிக்கொள்ளப் படுகிற பாடு குறைகிறது. தோலின் மேலுள்ள ஒட்டுண்ணிகள் சிலவற்றுக்கு அந்த உப்பு தாங்காது. கடைக்காரர் சொன்ன ஒரு கை கல்லுப்புக்குப் பின்னால் இருக்கிற கணக்கு இதுதான். லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் வரை என்றால் நாள்கணக்கில் விட்டு வைக்கலாம். அதற்கு மேலே போனால் சில நிமிடக் குளியலோடு எடுத்துவிட வேண்டும்.

*

தண்ணீரே ஒரு நோயாளி என்று தெளிவாகப் புரிந்தது கண்ணாடி வந்த பிறகு. குளத்தில் செத்த மீன் கரையொதுங்கும், காக்கை கொத்திக்கொண்டு போய்விடும். கண்ணாடிக்குப் பின்னால் அது சாவதை நாள்கணக்கில் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

1850இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு பொன்மீனையும் வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியையும் வைத்து ஒரு சோதனையை விவரித்தார். செடி காற்றைத் தரும், மீன் அதை எடுத்துக்கொள்ளும், கணக்குச் சரியாகிவிடும் என்பது எண்ணம். கொஞ்ச நாளில் இலைகள் அழுகின, தண்ணீர் கலங்கியது. அவர் மீனுக்கு மருந்து தேடவில்லை. குளத்து நத்தைகளைப் பிடித்து உள்ளே விட்டார். நத்தைகள் அழுகலைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது, மீன் பிழைத்தது. வீட்டுத் தொட்டி வைத்தியத்தின் முதல் பாடம் என்று இதைச் சொல்லலாம். 1853இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன் மாளிகை திறந்தது. அடுத்த வருஷம் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகம் ‘அக்வேரியம்’ என்ற சொல்லை வீட்டுச் சொல்லாக்கியது.

வாரிங்டனின் நத்தைக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கூட்டமும் இருந்தது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா மீனுக்கே விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதலில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் கூழாங்கல்லிலும் ஃபில்டர் பஞ்சிலும் குடியிருக்கின்றன. அவை குடியேற வாரக்கணக்கில் ஆகும். புதுத்தொட்டி வாங்கிய முதல் மாதத்தில் “நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு ஒவ்வொண்ணா செத்துப்போச்சு” என்கிற புலம்பலில் பாதிக்குக் காரணம் கிருமியே இல்லை. அமோனியா. சுத்தமாக இருக்கட்டுமே என்று பஞ்சைக் குழாயில் பிடித்து அலசினால், அந்தத் தண்ணீரில் இருக்கும் குளோரின் குடியேறிய கூட்டத்தையும் கொன்றுவிடும். ஊராட்சி மேல்நிலைத் தொட்டியைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்ட மறுநாள் காலையில் பல வீட்டு மீன்கள் மேலே மிதப்பதும் இதனால்தான். தண்ணீரைப் பிடித்து வாளியில் ஒரு நாள் வைத்திருந்து ஊற்றினால் போதும் என்பது மருந்துக் கடையில் கிடைக்காத மருந்து.

சென்னைக்குக் கண்ணாடித் தொட்டி 1909இல் வந்தது. மெட்ராஸ் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் மெரினா கடற்கரையில் ஒரு மீன் காட்சிசாலை கட்டப்பட்டது. பின்னால் மீன்வளத் துறை அதை எடுத்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போரின்போது மூடப்பட்டது. காசு கொடுத்து மீன் பார்க்கலாம் என்ற பழக்கத்தை ஒரு தலைமுறைக்கு அது ஏற்படுத்தியிருந்தது.

கிராமங்களுக்கு அலங்கார மீன் வந்த வழி இன்னும் விசித்திரம். கப்பி மீன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், கம்பூசியா 1928இல் இத்தாலியிலிருந்தும் இந்தியாவுக்கு வந்தன. அழகுக்காக யாரும் கொண்டுவரவில்லை. மலேரியாவுக்காக, கொசுப் புழுவைத் தின்னட்டும் என்று கொண்டுவந்தார்கள். சுகாதாரத் துறையினர் கிணற்றிலும் தொட்டியிலும் விட்ட கப்பியைப் பாட்டிலில் பிடித்து வந்து வளர்த்த பிள்ளைகள் எத்தனையோ பேர். நமக்கு வைத்தியம் பார்க்க வந்த மீன், நம் வீட்டுக்குள் வந்த பிறகு நாம் அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டியதாயிற்று.

*

இனி அந்த நீல பாட்டில்.

1876ஆம் வருஷத்தைச் சென்னை மாகாணம் தாது வருஷம் என்று நினைவு வைத்திருக்கிறது. பருவமழை பொய்த்து, ஏரிகள் வெடித்து, ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் கஞ்சித் தொட்டி தேடி நடந்த வருஷம். அதே வருஷம் ஜெர்மனியில் ஹைன்ரிஷ் காரோ என்ற சாய வேதியியலாளர் மெத்திலீன் நீலத்தைத் தயாரித்தார். பருத்தித் துணிக்கான சாயம் அது. அதே 1876இல் பிரான்சில் ஃபூக்கே என்பவர், மீன்களின் தோலில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும் ஓர் ஒட்டுண்ணியை விவரித்துப் பெயர் வைத்தார். இக்தியோஃப்திரியஸ் மல்டிஃபிலிஸ். “ஏராளமாகப் பிள்ளை பெறும் மீன் பேன்” என்று பெயரைப் பிரித்துப் பொருள் சொல்லலாம். சீனத்துக் குறிப்பும் பேன் என்றுதான் சொன்னது. நோயும் சாயமும் ஒரே வருஷத்தில் பெயர் பெற்றன, ஒன்றையொன்று அறியாமல்.

சாயத்தை வைத்தியத்துக்கு இழுத்து வந்தவர்கள் நுண்ணோக்கிக்காரர்கள். துணியில் ஏறுகிற நிறம் கிருமியிலும் ஏறியது. ராபர்ட் கோக் 1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டபோது அவருக்கு உதவிய சாயங்களில் மெத்திலீன் நீலமும் ஒன்று. கிருமியில் மட்டும் சாயம் ஏறுகிறதென்றால் கிருமியை மட்டும் கொல்லவும் முடியுமே என்று பால் எர்லிஷ் யோசித்தார். 1891இல் மலேரியா நோயாளிகளுக்கு மெத்திலீன் நீலத்தைக் கொடுத்துப் பார்த்தார். ஆய்வுக்கூடத்தில் செய்த ஒரு செயற்கைப் பொருளை மனித நோய்க்கு மருந்தாகக் கொடுத்த ஆரம்ப முயற்சிகளில் அது முக்கியமானது. மனிதர்களுக்கு மலேரியாவுக்கு வேறு மருந்துகள் வந்துவிட்டன. நீலம் மட்டும் மெல்ல இறங்கி, மீன் தொட்டியில் வந்து தங்கிவிட்டது. அதன் உறவுக்கார சாயமான மாலகைட் பச்சையும் அப்படித்தான் 1930களில் மீனுக்கு வந்தது. வெள்ளைப் புள்ளிக்கு நீலத்தைவிடக் காரமான மருந்து அது. உடம்பில் தங்கிவிடும் என்பதால் உண்ணும் மீனுக்கு இன்று பல நாடுகளில் தடை இருக்கிறது.

வெள்ளைப் புள்ளிக்கு ஒரு நாள் மருந்து விட்டுவிட்டு “ஒண்ணும் கேக்கல” என்று கைவிடுகிறவர்களுக்கு ஃபூக்கேயின் பேனின் வாழ்க்கை தெரியாது. நாம் பார்க்கும் புள்ளி, மீனின் தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும் பருவம். அங்கே எந்த மருந்தும் எட்டாது. தின்று முடித்ததும் அது உதிர்ந்து தொட்டியின் அடியில் போய் ஒட்டிக்கொண்டு, உறைக்குள்ளே நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். உறை உடைந்து அவை நீந்தி வேறு தோலைத் தேடும் கொஞ்ச நேரத்தில்தான் மருந்துக்கும் உப்புக்கும் சிக்கும். ஆகவே மீனின் மேல் புள்ளி மறைந்துவிட்டது என்பது குணமானதற்கு அடையாளமில்லை. அடியில் பிள்ளைப்பேறு நடக்கிறது என்பதற்கு அடையாளமாகவும் இருக்கலாம். தண்ணீர் குளிர்ந்திருந்தால் இந்தச் சுற்று வாரக்கணக்கில் இழுக்கும். 25 டிகிரி வாக்கில் ஒரு வாரத்துக்குள் முடியும். 30 டிகிரியைத் தாண்டினால் பேனுக்கே திண்டாட்டம். ஹீட்டரின் வேலை சுற்றை வேகப்படுத்தி, எல்லாரையும் சீக்கிரம் வெளியே வரவைப்பது. கல்வராயன் மலையடிவாரத்தில் இந்த நோய் மார்கழிப் பனியில் தலைதூக்கி, பங்குனி வெயிலில் தானே அடங்குவதற்கும் இதுதான் காரணம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நீலம் கிருமியையும் ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவையும் பிரித்துப் பார்க்காது. பெரிய தொட்டியில் ஊற்றினால் வாரிங்டன் கற்ற பாடம் தலைகீழாகும். அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் ஒரு தனி பிளாஸ்டிக் டப்பாவை ஆஸ்பத்திரியாக வைத்திருக்கிறார்கள். ஃபங்கஸ் பிடித்ததையும் சண்டையில் செதில் போனதையும் அதில் மாற்றி, அங்கே மட்டும் மருந்து. வெள்ளைப் புள்ளி என்றால் தொட்டியின் அடியில் முட்டைக்கூடு மாதிரி உறைகள் இருக்குமென்பதால், தொட்டியையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். உப்பும் சூடும் அங்கே கைகொடுக்கும்.

*

தொட்டிக்கு இவ்வளவு. ஏரிக்கு நோய் வந்தால்?

ரிஷிவந்தியம் பழைய தென்னார்க்காட்டின் ஏரிப் பாசனச் சீமையில் இருக்கிறது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019இல்தான். மேற்கே கல்வராயன் மலையிலிருந்து கோமுகியும் மணிமுக்தாவும் இறங்கி வருகின்றன. ஏரி நிறைந்தால் நெல், வற்றினால் மீன் என்பது இந்தப் பக்கத்து வருஷக் கணக்கு. கெண்டை, கெளுத்தி, குறவை, அயிரை என்று எத்தனை இருந்தாலும் மரியாதை விராலுக்குத்தான். சேற்றுக்குள் புதைந்து கோடையைத் தாண்டும், வெளிக்காற்றை மூச்செடுக்கும், கூடைக்குள் மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஹைதராபாத்தில் வருஷாவருஷம் ஜூன் மாதம் ஆஸ்துமாக்காரர்கள் வரிசையில் நின்று உயிருள்ள விரால் குஞ்சை மருந்தோடு விழுங்குகிறார்கள். சாகாத மீன் என்று பேரெடுத்தது அது.

அந்த மீன்தான் முதலில் விழுந்தது. உடம்பில் சிவப்புப் புள்ளி தோன்றும். அது புண்ணாகும். புண் சதையைத் தின்றுகொண்டே உள்ளே போய், எலும்பு தெரிய மீன் உயிரோடு மேலே மிதக்கும். 1971இல் ஜப்பானின் ஓயிட்டா பகுதியில் ஆயு என்ற மீனில் இது முதலில் பதிவானது. அடுத்த வருஷம் ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் பக்கம் மடவை மீனில் தெரிந்தது. 1980களில் இந்தோனேசியா, தாய்லாந்து, மலேசியா என்று வயல் வாய்க்கால் வழியாக நகர்ந்தது. 1987-88இல் இலங்கை. 1988இல் வங்கதேசமும் நம் வடகிழக்கு மாநிலங்களும். 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும். புண் மீனைப் பார்த்து மிரண்ட ஜனங்கள் பல இடங்களில் நல்ல மீனையும் வாங்கவில்லை. விலை விழுந்தது. நோயில் பிழைத்த மீனைப் பிடித்தவர்களுக்கும் பிழைப்பில்லை.

கிருமி எது என்பதில் வெகுகாலம் வழக்கு நடந்தது. வைரஸ் என்றார்கள், புண்ணில் எப்போதும் கிடைக்கும் பாக்டீரியா என்றார்கள். 1990களின் நடுவில் ஓரளவு தீர்ப்பானது. அஃபனோமைசிஸ் இன்வாடன்ஸ் என்ற நீர்ப்பூஞ்சை. பார்க்கப் பூஞ்சை மாதிரி, வம்சத்தில் பாசிகளுக்கு நெருங்கிய உயிர். 37 டிகிரியில் அது வளராது, ஆகவே மனித உடம்பில் அதற்கு வேலையில்லை. ஜனங்களின் பயத்துக்கு இந்தப் பதில் வந்தபோது சந்தை ஏற்கெனவே காலியாகியிருந்தது.

ஆனால் பூஞ்சையின் வித்து தண்ணீரில் மிதப்பதால் மட்டும் மீனுக்குப் புண் வந்துவிடாது. தோல் முழுசாக இருந்தால் அது உள்ளே நுழைய முடியாது. நல்ல மழை பெய்து புளித்த மண்ணைக் கழுவிக்கொண்டு தண்ணீர் ஏரிக்குள் இறங்கும்போது, தண்ணீரில் அமிலத்தன்மை ஏறுகிறது. மீனின் மேல்தோல் அரிக்கப்படுகிறது. அதோடு பருவத்தின் குளிரும் சேர்ந்தால் மீனின் எதிர்ப்பு தளர்கிறது. அப்போதுதான் வித்து ஒட்டுகிறது. ஐப்பசி கார்த்திகை மழை முடிந்து பனி இறங்கும் மாதங்களில் நோய் தாண்டவமாடியதற்கு இதுதான் கணக்கு. தொட்டியில் கற்ற அதே பாடம்: முதலில் தண்ணீருக்கு உடம்பு கெடும், பிறகு மீனுக்கு.

ஏரிக்கு ஹீட்டர் வைக்க முடியாது. சொட்டு மருந்தும் விட முடியாது. என்ன செய்தார்கள் என்றால், சுண்ணாம்பு போட்டார்கள். அமிலத்தைச் சுண்ணாம்பு முறிக்கும் என்பது வெற்றிலை போடுகிறவருக்குக்கூடப் புதிதில்லாத விஷயம். அதோடு மஞ்சளும் கலந்து போட்ட இடங்கள் உண்டு. அம்மை வந்த பிள்ளைக்கு வேப்பிலையும் மஞ்சளும் எடுக்கிற கை, அம்மை போட்ட மாதிரி கிடக்கும் ஏரிக்கும் அதையே எடுத்தது. புவனேஸ்வரத்தில் இருக்கும் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் சிஃபாக்ஸ் என்ற மருந்தை உருவாக்கியது. ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் நீருக்கு 1 லிட்டர் என்பது அளவு. குளத்துக்காரர்களுக்கு அது உதவியது. காவலில்லாத பொது ஏரியில் வருஷம் போகப் போக, நோயோடு பழகிய மீன்களே மிஞ்சின.

இந்த இடத்தில் தொட்டியும் ஏரியும் சந்திக்கின்றன. கங்கை, பிரம்மபுத்திராப் பக்கத்துக் குளங்களில் ஒரு சின்ன மீன் உண்டு. குட்டைக் கௌராமி. நீலமும் சிவப்புமாக வரி போட்ட அழகி. 1822இல் ஃபிரான்சிஸ் ஹாமில்டன் கங்கை மீன்களைப் பற்றி எழுதிய நூலில் அதற்குப் பெயர் வைத்தார். பிறகு உலகம் முழுக்கத் தொட்டி மீனாகி, சிங்கப்பூரில் லட்சக்கணக்கில் பெருக்கப்பட்டு ஏற்றுமதியானது. ஜப்பானில் இறக்குமதியான அந்தக் கௌராமியின் உடம்பில் இதே பூஞ்சை இருப்பதை 1990களில் அங்குள்ள ஆய்வாளர்கள் கண்டார்கள். எல்லை தாண்ட நோய்க்கு ஆறு மட்டும் வழியில்லை. பாலித்தீன் பை, ஆக்சிஜன், விமானம் என்ற இன்னொரு ஆறும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2006-07இல் ஆப்பிரிக்காவின் ஜாம்பேசிப் படுகையிலும் இந்நோய் தெரிந்தது.

*

அந்த இன்னொரு ஆறு இன்று ரிஷிவந்தியம் வரைக்கும் பாய்கிறது. சென்னைக் கொளத்தூரில் வீட்டுக்கு வீடு சிமென்ட் தொட்டி கட்டி மீன் பெருக்குகிறார்கள். அங்கிருந்து பேருந்திலும் பைக்கிலும் பைகள் புறப்பட்டு மாவட்டத்துக் கடைகளுக்கு வருகின்றன. மீன்வளக் கல்லூரி தூத்துக்குடியில் 1977 முதல் இருக்கிறது, மீன்வளப் பல்கலைக்கழகம் நாகப்பட்டினத்தில் 2012இல் வந்தது. மீன் நோய் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பார்க்கும் நோயாளி பெரும்பாலும் இறால் பண்ணையும் குளமும்தான். இருபது ரூபாய் கப்பிக்கு இருநூறு ரூபாய் பீஸ் கொடுக்க ஆளில்லை. 2017இல் மத்திய அரசு மீன் கடைகளுக்கு விதிகள் கொண்டுவந்து, கடையில் மீன் மருத்துவம் அறிந்தவர் வேண்டும் என்றது. மீன் பெருக்குகிறவர்கள் எதிர்த்தார்கள். சிறு கடைக்காரர் மருத்துவருக்குச் சம்பளம் கொடுப்பது எப்படி என்ற அவர்கள் கேள்வியில் நியாயம் இருந்தது. மீனுக்கும் மருத்துவர் வேண்டும் என்ற எண்ணத்திலும் நியாயம் இருந்தது. இரண்டு நியாயத்துக்கும் நடுவில் கடைக்காரரே டாக்டராகத் தொடர்கிறார்.

அதனால் ஆபத்து இல்லாமலில்லை. எந்த நோய் என்று தெரியாமல் டெட்ராசைக்ளின் மாத்திரையை உடைத்துத் தொட்டியில் கொட்டுவது சகஜமாகிவிட்டது. வெள்ளைப் புள்ளிக்கு அது கேட்கவே கேட்காது. அது பாக்டீரியா இல்லை. அந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போய், மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்க ஒரு கை உதவும்.

அதைவிடப் பெரிய ஆபத்து இரக்கத்திலிருந்து வருகிறது. “வீட்ல சாக வேணாம், பாவம், ஏரியில விட்டா பொழச்சுக்கும்.” புண்ணியம் என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். தொட்டியில் அடங்காமல் வளர்ந்த சக்கர் மீனும் இப்படித்தான் நீர்நிலைகளுக்குப் போய்ச் சேர்ந்து, வலை போடுகிறவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. நோயாளி மீன் அங்கே பிழைக்கப்போவதில்லை. அதன் தோலில் இருப்பது பிழைக்கும். எங்கோ ஒரு பண்ணையில் ஏறி, இங்கே இந்த ஏரியில் இறங்கி, சேற்றுக்குள் கோடை தாண்டிய ஒரு விராலின் தோலைத் தேடும்.

ஆகவே நோய் வந்த மீனுக்குச் செய்ய வேண்டியதில் முக்கால் பங்கு மீனைத் தொடாமலே செய்வது. தண்ணீரில் கால் பங்கை மாற்றுங்கள், ஒரு நாள் வைத்திருந்த தண்ணீரால். தீனியைக் குறையுங்கள், நோயாளி தின்னாத தீனி அமோனியாவாக மாறும். புது மீன் வாங்கினால் இரண்டு மூன்று வாரம் தனி டப்பாவில் வைத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரி டப்பாவுக்கென்று தனி வலை வையுங்கள். மருந்து விட்ட நாள்களைக் குறித்து வைத்துக்கொண்டு, புள்ளி மறைந்த பின்னும் சில நாள் விடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் செத்தால் மண்ணில் புதையுங்கள். தொட்டித் தண்ணீரை வாய்க்காலில் கொட்டாதீர்கள். மருந்தும் உப்பும் சேராத தண்ணீர் தென்னைக்கு நல்ல உரம். மருந்துத் தண்ணீரை ஏரிக்கும் கிணற்றுக்கும் எட்டாத வெறுந்தரையில் ஊற்றி, வெயிலில் காயவிடலாம்.

ரிஷிவந்தியத்து அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் லிங்கத்துக்குத் தேனபிஷேகம் விசேஷம். தேன் வழியும்போதுதான் உள்ளிருக்கும் அம்மன் உருவம் தெரியும் என்று பார்க்க வருகிறார்கள். மேலே ஊற்றுவது உள்ளே இருப்பதைக் காட்டும் என்ற நம்பிக்கை அது. தொட்டியில் நீலத்தை ஊற்றினாலும் கொஞ்சம் அப்படித்தான். மீனின் மேலே தெரிகிற புள்ளிக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது, தண்ணீருக்கு அடியில் அது வந்த குழாயும் போகிற வாய்க்காலும் இருக்கின்றன. வாய்க்கால் முடிகிற இடத்தில் ஏரி. அங்கே விரால் குஞ்சுகள் மேலே வந்து ஒரு வாய் காற்று எடுத்துக்கொண்டு போகின்றன. அவற்றுக்கு ஆஸ்பத்திரி டப்பா கிடையாது.